வீட்டு டிவி உங்களைக் குறிப்பெடுப்பதை நிறுத்துவது எப்படி?

புது டிவியைச் சுவரில் மாட்டித் தர வரும் டெக்னீஷியனுக்கு அன்றைக்கு இன்னும் நான்கு வீடு பாக்கி இருக்கும். துளை போட்டு, ஸ்டாண்டை மாட்டி, பிளக்கைச் செருகி, வைஃபை பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு, திரையில் வரும் பக்கங்களையெல்லாம் ஓகே, ஓகே என்று தட்டிக்கொண்டே போவார். அதில் ஒரு பக்கத்தில் ஐந்தாறு கட்டங்கள் வரிசையாக இருக்கும். அவற்றோடு 'எல்லாவற்றுக்கும் சம்மதம்' என்று தனியாக ஒரு கட்டம். அதை ஒரு தட்டுத் தட்டினால் எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்துவிடும். நீங்கள் என்ன பார்க்கிறீர்கள், எந்த நேரத்தில், எத்தனை நிமிடம் என்று குறிப்பெடுத்து அனுப்ப டிவிக்கு உங்கள் வீட்டுச் சம்மதம் அந்தத் தட்டிலேயே கிடைத்துவிடுகிறது.

கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற முடியும். ரிமோட்டோடு உட்கார்ந்தால் பதினைந்து நிமிட வேலை. ஆனால் எந்த சுவிட்ச் எதை நிறுத்துகிறது என்று தெரியாமல் தொட்டால், விளம்பரத்தை மட்டும் மாற்றிவிட்டு, கணக்கெடுப்பை அப்படியே ஓடவிட்டுவிடுவோம். பெரும்பாலான வீடுகளில் நடப்பது அதுதான்.

டிவிக்குள் என்ன நடக்கிறது

இந்த ஏற்பாட்டுக்கு ஏசிஆர் என்று பெயர். ஆட்டோமேட்டிக் கன்டென்ட் ரெகக்னிஷன், அதாவது திரையில் ஓடுவதைத் தானாக அடையாளம் காணும் முறை. இதற்குக் கேமராவும் வேண்டாம், மைக்கும் வேண்டாம். திரைக்குப் போகும் படத்திலிருந்தும் ஒலியிலிருந்தும் துளித்துளியாக மாதிரி எடுத்து, கைரேகை போல ஒரு சிறிய எண்கோவையை டிவியே உண்டாக்குகிறது. அந்த ரேகை கம்பெனியின் சர்வருக்குப் போகும். அங்கே சேனல்கள், படங்கள், விளம்பரங்கள் எல்லாவற்றின் ரேகையும் முன்கூட்டியே சேர்த்து வைத்திருப்பார்கள். இரண்டும் பொருந்தினால் இந்த வீட்டில், இந்த நேரத்தில், இந்த நிகழ்ச்சி ஓடியது என்று ஒரு வரி பதிவாகும்.

2024இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ், கலிஃபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகம், மாட்ரிட்டின் மூன்றாம் கார்லோஸ் பல்கலைக்கழகம் ஆகியவற்றைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சாம்சங், எல்ஜி டிவிகளிலிருந்து வெளியே போகும் தரவைப் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அளந்து பார்த்தார்கள். எல்ஜி 10 மில்லி செகண்டுக்கு ஒருமுறை மாதிரி எடுக்கிறது, சாம்சங் 500 மில்லி செகண்டுக்கு ஒருமுறை. எடுத்ததைச் சேர்த்துக் கட்டி எல்ஜி சுமார் 15 நொடிக்கு ஒரு தடவையும், சாம்சங் நிமிடத்துக்கு ஒரு தடவையும் அனுப்புகின்றன.

அந்த ஆய்வில் நம் வீடுகளுக்கு நேரடியாகப் பொருந்தும் சேதி ஒன்று உண்டு. எச்டிஎம்ஐ கேபிள் வழியாக வேறு பெட்டியோ லேப்டாப்போ இணைத்து, டிவியை வெறும் திரையாகப் பயன்படுத்தினாலும் ஏசிஆர் வேலை செய்தது. 'நாங்கள் ஸ்மார்ட் வசதியே பயன்படுத்துவதில்லை, கேபிள்காரர் கொடுத்த செட்டாப் பாக்ஸ்தான் ஓடுகிறது' என்று சொல்லும் வீட்டிலும், டிவி இணையத்தில் இருந்தால் கணக்கெடுப்பு நடக்க வழி இருக்கிறது. லேப்டாப்பை மாட்டிக் குடும்பக் கல்யாண வீடியோ பார்த்தாலும், ஆபீஸ் மீட்டிங்கைப் பெரிய திரையில் போட்டாலும் மாதிரி எடுப்பது டிவியின் சிப்தான். இரண்டாவது சேதி ஆறுதலானது: செட்டிங்ஸில் சம்மதத்தை முறையாக விலக்கிக்கொண்டதும் ஏசிஆர் சர்வர்களுக்குப் போகும் தரவு நின்றது. ஆகவே அந்த சுவிட்சைத் தேடிப் போவது வீண் வேலை இல்லை.

இதில் யாருக்கு என்ன லாபம்

டிவி விற்பதில் கிடைக்கும் லாபம் மெலிந்துகொண்டே போகிறது. விற்ற பிறகு விளம்பரத்திலும் தரவிலும் கிடைக்கும் லாபம் சில கம்பெனிகளுக்கு அதைவிடப் பெரிது. அமெரிக்காவின் விசியோ கம்பெனி 2021ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டில் டிவி, சவுண்ட்பார் முதலிய பெட்டிகளை விற்று எடுத்த மொத்த லாபம் 2.56 கோடி டாலர். விளம்பரமும் பார்வையாளர் தரவும் அடங்கிய பிரிவில் எடுத்தது 5.73 கோடி டாலர், இரண்டு மடங்குக்கும் மேல். 2024இல் அந்தக் கம்பெனியை வால்மார்ட் 230 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. வால்மார்ட் கடையில் நீங்கள் என்ன வாங்குகிறீர்கள் என்பதையும், அதற்கு முன்னால் டிவியில் எந்த விளம்பரம் பார்த்தீர்கள் என்பதையும் ஒரே கை சேர்த்துப் பார்க்க முடிந்தால் விளம்பரதாரர் எவ்வளவு கொடுப்பார் என்று யோசித்தால், அந்த விலை புரிந்துவிடும். எல்ஜியும் 2021இல் அல்ஃபோன்ஸோ என்ற டிவித் தரவுக் கம்பெனியின் பெரும்பங்கை வாங்கியது. அதன் பெயர் இப்போது எல்ஜி ஆட்ஸ் சொல்யூஷன்ஸ்.

இதே விசியோதான் 2017இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடமும் நியூஜெர்சி மாநிலத்திடமும் 22 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. 1 கோடியே 10 லட்சம் டிவிகளில், பார்ப்பவருக்குச் சரியாகச் சொல்லாமல், நொடிக்கு நொடி என்ன ஓடுகிறது என்று எடுத்தார்கள் என்பது புகார். இணைய இணைப்பின் அடையாள எண்ணான ஐபி முகவரியை வைத்து அந்த வீட்டாரின் வயது, பாலினம், வருமானம், திருமணமானவரா, சொந்த வீடா என்பதெல்லாம் சேர்க்க வழி செய்து மூன்றாம் தரப்புக்கு விற்றார்கள் என்றும் புகாரில் இருந்தது. 2025 டிசம்பரில் டெக்சாஸ் மாநில அரசு வழக்கறிஞர் சாம்சங், சோனி, எல்ஜி, ஹைசென்ஸ், டிசிஎல் ஆகிய ஐந்து கம்பெனிகள் மீதும் ஏசிஆர் தொடர்பாக வழக்குப் போட்டார்.

புது டிவி என்றால்

டெக்னீஷியனிடம் வைஃபை பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். மாட்டுவது, படம் வருகிறதா என்று பார்ப்பது, புள்ளி புள்ளியாக ஏதும் செத்திருக்கிறதா என்று சோதிப்பது, எதற்கும் இணையம் தேவையில்லை. செட்டப்பை அப்புறம் நீங்களே நிதானமாகச் செய்யலாம். கூகுள் டிவியாக இருந்தால் ஆரம்பத்திலேயே 'பேசிக் டிவி' என்று ஒரு வழி காட்டும். அதைத் தேர்ந்தால் கூகுள் கணக்கும் இணையமும் இல்லாமல், சாதாரண டிவியாகவே ஓடும். செட்டாப் பாக்ஸ் மட்டும் பார்க்கும் பெரியவர்கள் வீட்டுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. பின்னால் வேண்டுமென்றால் முழு கூகுள் டிவியாக மாற்றிக்கொள்ளலாம்.

மற்ற டிவிகளில் சம்மதப் பக்கம் வரும்போது, பயன்பாட்டு விதிகள், தனியுரிமைக் கொள்கை இரண்டும்தான் பொதுவாகக் கட்டாயம். 'வியூயிங் இன்ஃபர்மேஷன்', 'வாய்ஸ் இன்ஃபர்மேஷன்', 'இன்ட்ரஸ்ட் பேஸ்டு அட்வர்டைசிங்' என்று தொடங்கும் மற்றவை விருப்பத்துக்கு உட்பட்டவை. அந்தக் கட்டங்களைக் காலியாக விட்டுவிட்டு 'நெக்ஸ்ட்' தட்டினாலும் அடுத்த பக்கம் வரும். யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் எதுவும் நிற்காது.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் டிவி

மெனுவின் பெயரும் இடமும் மாடலுக்கு மாடல், ஆண்டுக்கு ஆண்டு மாறும். கீழே சொல்லும் பாதையில் இல்லையென்றால் 'பிரைவசி', 'டெர்ம்ஸ்', 'அக்ரிமென்ட்' என்ற சொற்களைத் தேடிப் போங்கள். மெனு ஆங்கிலத்தில் இருக்கும்போது தேடுவது சுலபம், பார்த்து முடித்துவிட்டு மொழியை மாற்றிக்கொள்ளலாம்.

சாம்சங்: செட்டிங்ஸ், ஆல் செட்டிங்ஸ், ஜெனரல் அண்ட் பிரைவசி, டெர்ம்ஸ் அண்ட் பிரைவசி, அதற்குள் பிரைவசி சாய்ஸஸ். 2020க்கு முந்தைய பல மாடல்களில் இது சப்போர்ட் மெனுவுக்குள் டெர்ம்ஸ் அண்ட் பாலிசிஸ் என்று இருக்கும். நீங்கள் அணைக்க வேண்டியது 'வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்'. ஏசிஆர் அதுதான். பலர் 'இன்ட்ரஸ்ட் பேஸ்டு அட்வர்டைஸ்மென்ட்ஸ்' என்பதை மட்டும் எடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவார்கள். அந்த சுவிட்ச், சேர்த்த தகவலை வைத்து உங்களுக்கென்று விளம்பரம் தேர்வதை மட்டும் நிறுத்தும், தகவல் சேர்ப்பதை நிறுத்தாது. இரண்டையும் அணையுங்கள், ஆனால் முதலாவதை மறந்துவிட்டு இரண்டாவதை அணைப்பதில் பயன் குறைவு. குரல் வழியே தேடும் பழக்கம் வீட்டில் இல்லையென்றால் 'வாய்ஸ் ரெகக்னிஷன் சர்வீசஸ்' சம்மதத்தையும் எடுத்துவிடலாம்.

எல்ஜியில் இரண்டு இடத்தில் கை வைக்க வேண்டும். முதலாவது சப்போர்ட், பிரைவசி அண்ட் டெர்ம்ஸ், யூசர் அக்ரிமென்ட்ஸ். பழைய மாடல்களில் ஜெனரல், அபவுட் திஸ் டிவி வழியாகப் போக வேண்டும். அங்கே வியூயிங், வாய்ஸ், விளம்பரம் ஆகிய ஒப்பந்தங்களின் டிக்கை எடுங்கள். இரண்டாவது ஜெனரல், சிஸ்டம், அடிஷனல் செட்டிங்ஸ். அதற்குள் 'லைவ் பிளஸ்' என்று ஒன்று இருக்கும். பெயரைப் பார்த்தால் ஏதோ நேரலை வசதி போலத் தோன்றும், உண்மையில் ஏசிஆருக்கு எல்ஜி வைத்திருக்கும் பெயர் அது. அதை ஆஃப் செய்யுங்கள். விளம்பரப் பகுதியில் 'லிமிட் ஆட் டிராக்கிங்' இருந்தால் ஆன் செய்யுங்கள். இங்கே ஆன் என்றால்தான் கட்டுப்பாடு. எல்லாவற்றையும் ஆஃப் செய்துகொண்டே வரும் வேகத்தில் இதையும் ஆஃப் செய்துவிடுவது அடிக்கடி நடக்கும் தப்பு.

சோனி, டிசிஎல், ஷாவ்மி முதலிய கூகுள் டிவி, ஆண்ட்ராய்டு டிவி மாடல்களில் செட்டிங்ஸ், பிரைவசி என்று போங்கள். 'யூசேஜ் அண்ட் டயக்னாஸ்டிக்ஸ்' ஆஃப். 'ஆட்ஸ்' என்பதற்குள் விளம்பர அடையாள எண்ணை அழிக்கும் 'டெலீட்' வழி இருந்தால் அதைத் தட்டுங்கள், பழைய பதிப்பில் 'ஆப்ட் அவுட்' என்று இருக்கும். இது கூகுளின் பங்கு. டிவி செய்த கம்பெனி தனியாக ஒன்று வைத்திருக்கலாம். சோனி மாடல்கள் பலவற்றில் 'சம்பா இன்டராக்டிவ் டிவி' என்ற பெயரில் ஏசிஆர் வரும், இனிஷியல் செட்டப்பிலோ டிவைஸ் பிரிஃபரன்சஸ் மெனுவிலோ அதைத் தேடி 'டிஸேபிள்' கொடுங்கள். இவற்றுக்கு மேல், கூகுள் கணக்கின் மெனுவில் 'ஆப்ஸ் ஒன்லி மோட்' இருக்கிறது. அதை ஆன் செய்தால் முகப்பில் வரும் பரிந்துரைகள் போய், ஆப்கள் மட்டும் நிற்கும். கூகுள் அசிஸ்டன்ட்டும் வேலை செய்யாது என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

ஃபயர் டிவி ஸ்டிக், அந்த மென்பொருளோடு வரும் ரெட்மி டிவிகள்: செட்டிங்ஸ், பிரிஃபரன்சஸ், பிரைவசி செட்டிங்ஸ். அதில் டிவைஸ் யூசேஜ் டேட்டா, கலெக்ட் ஆப் யூசேஜ் டேட்டா, இன்ட்ரஸ்ட் பேஸ்டு ஆட்ஸ் மூன்றையும் ஆஃப். அமெரிக்கா, கனடாவில் ரோக்கு டிவி வைத்திருப்போர் பிரைவசி, ஸ்மார்ட் டிவி எக்ஸ்பீரியன்ஸ் என்பதற்குள் 'யூஸ் இன்ஃபோ ஃப்ரம் டிவி இன்புட்ஸ்' டிக்கை எடுக்க வேண்டும்.

மாற்றி முடித்ததும் ரிமோட்டில் அணைத்து, சுவர் சுவிட்சையும் அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். மறுபடி அதே மெனுவுக்குப் போய், மாற்றியது மாற்றியபடி நிற்கிறதா என்று பாருங்கள். பெரிய சாஃப்ட்வேர் அப்டேட் வந்த பிறகும், ஃபேக்டரி ரீசெட் செய்த பிறகும் இந்தச் சோதனை கட்டாயம். அப்டேட் முடிந்து 'எங்கள் விதிகள் மாறியிருக்கின்றன' என்று வரும் பக்கத்தில், முன்பு எடுத்த டிக் திரும்ப வந்து உட்காரும் வாய்ப்பு அதிகம். அந்த நேரத்தில் ரிமோட் குழந்தைகள் கையில் இருந்தால் பெரிய பொத்தானைத்தான் தட்டுவார்கள். அது அவர்கள் தப்பு இல்லை. புதுப் பக்கம் ஏதாவது வந்தால் கூப்பிடு என்று சொல்லிவைத்தால் போதும்.

ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் டிவி எடுக்கும் கணக்கை நிறுத்தும். யூடியூப்புக்குள் நீங்கள் பார்ப்பது யூடியூப்புக்குத் தெரியும், நெட்ஃபிளிக்ஸுக்குள் பார்ப்பது நெட்ஃபிளிக்ஸுக்குத் தெரியும். அதை டிவி மெனு தடுக்காது. யூடியூப்பில் பார்வை வரலாற்றை அந்தக் கணக்கின் செட்டிங்ஸில் தனியாக நிறுத்திவைக்கலாம்.

இணைப்பையே துண்டிப்பது

உறுதியான வழி இதுதான். டிவியை இணையத்திலிருந்து எடுத்துவிட்டு, ஓடிடி பார்க்க மட்டும் ஒரு ஸ்டிக்கை எச்டிஎம்ஐயில் மாட்டுங்கள். ஸ்டிக்கின் கம்பெனிக்குத் தெரிவது ஸ்டிக்கில் நடப்பது மட்டும். செட்டாப் பாக்ஸிலும் லேப்டாப்பிலும் ஓடுவதை டிவி அடையாளம் கண்டாலும் அனுப்ப வழி இருக்காது. பலர் ஸ்டிக்கை மாட்டிவிட்டு டிவியின் வைஃபையை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால் இப்போது இரண்டு கம்பெனிகளுக்குத் தெரியும். டிவியின் நெட்வொர்க் மெனுவில் உங்கள் வைஃபை பெயரைத் தேர்ந்து 'ஃபர்கெட்' கொடுங்கள். லேன் கேபிள் செருகியிருந்தால் உருவிவிடுங்கள்.

அப்டேட் எப்படி என்று கேட்பீர்கள். படம், ஒலி, எச்டிஎம்ஐ கோளாறு ஏதும் இல்லையென்றால் இணையத்தில் இல்லாத டிவிக்கு அப்டேட் அவசரமில்லை. தேவைப்பட்டால் பென் டிரைவ் போதும். கம்பெனி இணையதளத்தில் டிவியின் பின்புற ஸ்டிக்கரில் உள்ள முழு மாடல் எண்ணைக் கொடுத்துக் கோப்பை இறக்குங்கள். கடைசி இரண்டு மூன்று எழுத்து மாறினாலும் வேறு கோப்பு. பென் டிரைவை எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்யுங்கள். சாம்சங் கோப்பை விரித்து, எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல் நேராக வையுங்கள். எல்ஜி என்றால் எல்ஜி, அடிக்கோடு, டிடிவி என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அதற்குள் வைக்க வேண்டும். 'அப்டேட் கிடைக்கவில்லை' என்று டிவி சொன்னால் பெரும்பாலும் ஃபோல்டர் பெயரோ ஃபார்மட்டோ தப்பாக இருக்கும்.

டிவி இணையத்தில் இருந்தே ஆக வேண்டும் என்றால், ரூட்டரில் 'கெஸ்ட் நெட்வொர்க்' திறந்து அதில் சேருங்கள். வீட்டிலுள்ள போன், லேப்டாப், கேமரா என்னென்ன என்று டிவி துழாவ முடியாது. இதனால் போனிலிருந்து டிவிக்கு காஸ்ட் செய்வது நின்றுபோகும், ரூட்டர் அனுமதித்தால் அந்த நேரத்துக்கு மட்டும் போனையும் கெஸ்டில் சேர்த்துக்கொள்ளலாம். கொஞ்சம் கைவேலை தெரிந்தவர்கள் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிப் பலகையில் பை-ஹோல் என்ற தடுப்பு மென்பொருளைப் போட்டு, ஏசிஆர் சர்வர்களின் டொமைன்களை, அதாவது இணையப் பெயர்களை, மட்டும் அடைக்கலாம். எல்ஜியில் அல்ஃபோன்ஸோ என்ற பெயரும், சாம்சங்கில் ஏசிஆர் என்ற மூன்றெழுத்தும் டொமைனுக்குள்ளேயே வரும், பை-ஹோலின் பதிவேட்டில் கண்டுபிடிப்பது எளிது. கம்பெனியின் டொமைனையே மொத்தமாக அடைத்தால் ஆப் ஸ்டோரும் அப்டேட்டும் சேர்ந்து நின்றுவிடும். டொமைன் பெயருக்கு உரிய முகவரியைச் சொல்லும் சேவைக்கு டிஎன்எஸ் என்று பெயர். ரூட்டர் சொல்லும் டிஎன்எஸ்ஸை மதிக்காமல் கூகுளின் 8.8.8.8ஐ நேராகக் கேட்கும் கருவிகளும் உண்டு. அவற்றுக்கு ரூட்டரில் டிஎன்எஸ் கேள்விகள் போகும் 53ஆம் போர்ட்டை அடைத்து, பை-ஹோல் வழியாக மட்டும் வரச் செய்ய வேண்டும்.

சுவர் சுவிட்சைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டாண்ட்பையில் இருக்கும் டிவி தூங்குவதில்லை, இணையத்தோடு பேசிக்கொண்டிருக்கலாம், அதனால் இரவில் சுவரிலேயே அணைப்பது நல்ல பழக்கம். ஓஎல்இடி டிவி மட்டும் விதிவிலக்கு. ரிமோட்டில் அணைத்த பிறகுதான் அது தன் பிக்சல்களைச் சரிசெய்துகொள்ளும். உடனே மின்சாரத்தை எடுத்தால் அந்த வேலை தடைபட்டு, நாளடைவில் திரையில் நிழல் படியும். அரைமணி நேரம் விட்டு அணையுங்கள்.

பெயரில்லாத ஆண்ட்ராய்டு பெட்டிகள்

எல்லாச் சேனலும், எல்லாப் படமும், மாதக் கட்டணமே இல்லை என்று ஆன்லைனில் விற்கும் மலிவு ஆண்ட்ராய்டு பெட்டிகள் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டியிருக்கிறது. இங்கே ஆபத்து விளம்பரத்தோடு நிற்பதில்லை. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ, இப்படிப்பட்ட கருவிகளைப் பிடித்து வைத்திருக்கும் பேட்பாக்ஸ் 2.0 என்ற வலையமைப்பைப் பற்றிப் பொது எச்சரிக்கை விட்டது. வாங்கும்போதே உள்ளே தீநிரல், அதாவது கெடுதல் செய்யும் மென்பொருள், இருக்கும், அல்லது செட்டப் செய்யும்போது ஆப் வழியாக உள்ளே வரும். பிறகு உங்கள் வீட்டு இணைய இணைப்பை மோசடிக்காரர்களுக்கு முகமூடியாக யாரோ வாடகைக்கு விடுவார்கள். அவர்கள் செய்யும் மோசடிக்குப் பதிவாகும் ஐபி முகவரி உங்களுடையது.

சோதிக்கும் வழி எளிது. பிளே ஸ்டோரைத் திறந்து, செட்டிங்ஸ், அபவுட் பகுதியில் 'பிளே ப்ரொடெக்ட் சர்டிஃபிகேஷன்' என்ன சொல்கிறது என்று பாருங்கள். சான்று இல்லை என்றாலோ, பிளே ஸ்டோருக்குப் பதில் வேறு ஏதோ சந்தை இருந்தாலோ, பிளே ப்ரொடெக்ட்டை அணைக்கச் சொல்லிப் பெட்டியே கேட்டாலோ, அதை இணையத்திலிருந்து கழற்றிவிடுங்கள். ரீசெட் செய்தாலும் போகாமல் இருக்கலாம், ஏனென்றால் தீநிரல் சிஸ்டம் கோப்புகளுக்குள்ளேயே வைத்து வந்திருக்கலாம். வேறு யாருக்கும் இலவசமாகக் கொடுக்கவும் வேண்டாம்.

சட்டம் தரும் பிடி

இந்தியாவில் 2023 ஆகஸ்டில் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. கம்பெனிகளின் முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும். சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஒரே தட்டில் வாங்கிய சம்மதத்தை ஐந்து மெனுவுக்குள் ஒளித்துவைப்பது அந்த வரிக்கு முன்னால் நிற்குமா என்று கேட்க வேண்டிய காலம் அப்போது வரும். சேர்த்த தகவலை அழிக்கக் கேட்கும் உரிமையும் அதில் உண்டு. கம்பெனியின் தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தின் கடைசியில் குறைதீர் அதிகாரியின் மின்னஞ்சல் இருக்கும். எழுதும்போது மாடல் எண்ணையும், டிவியில் எந்தக் கணக்கில் நுழைந்திருக்கிறீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள்.

எக்ஸ்சேஞ்சில் போடும் முன், சர்வீஸுக்குக் கொடுக்கும் முன்

பழைய டிவி கைமாறும்போது யூடியூப், ஓடிடி, வைஃபை பாஸ்வேர்டு எல்லாம் அதோடு போகும். முதலில் ஒவ்வோர் ஆப்பிலும் சைன் அவுட், பிறகு ஜெனரல் மெனுவில் ரீசெட். பின் எண் கேட்டால், நீங்கள் மாற்றியிருக்காவிட்டால் சாம்சங், எல்ஜி இரண்டிலும் பெரும்பாலும் 0000. திரையே வராமல் செத்துப்போன டிவியின் மெயின் போர்டை மெக்கானிக் மாற்றினால் உங்கள் கணக்குகள் அந்தப் பழைய போர்டிலேயே இருக்கும், அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள். வாங்க முடியாவிட்டால் போனில் கூகுள் கணக்கைத் திறந்து, செக்யூரிட்டி, யுவர் டிவைசஸ் பட்டியலில் அந்த டிவியைத் தேர்ந்து சைன் அவுட் கொடுங்கள். நெட்ஃபிளிக்ஸ், பிரைம் கணக்குகளிலும் இதே மாதிரி கருவிகள் பட்டியல் இருக்கிறது. வைஃபை பாஸ்வேர்டையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.